பிரிட்டனில் கிராஜுவேட் விசா முடியும் முன்: வேலை விசாவுக்கு மாறும் முழு வழிகாட்டி

"தம்பி, மகளோட விசாவை இன்னும் ரெண்டு வருசம் நீட்டணும். எந்தப் பாரம்னு பார்த்துச் சொல்லுங்க." மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஒட்டுக்கடையில் தே குடிக்க உட்கார்ந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். மகள் இருப்பது லீட்ஸாக இருக்கும், கிளாஸ்கோவாக இருக்கும். கேட்பவருக்கு எல்லாமே லண்டன்தான்.

அப்படி ஒரு பாரம் கிடையாது. பட்டம் முடித்தவர்களுக்குப் பிரிட்டன் தரும் கிராஜுவேட் விசா ஒருவருக்கு ஒரே முறைதான். அதை நீட்ட வழியில்லை. 'நீட்டுவது' என்று நாம் சொல்வது, வேறொரு விசாவுக்கு மாறுவதைத்தான். பெரும்பாலும் அது ஸ்கில்டு வொர்க்கர் விசா, அதாவது திறன் வேலைக்கான விசா. வெறுமனே நீட்டுவதென்றால் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாறுவதென்றால் ஒரு முதலாளி வேண்டும், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அவருக்கு அரசு உரிமம் வேண்டும், வேலையும் சம்பளமும் தகுதிக்குள் வர வேண்டும். இதற்கு ஓராண்டு ஓடிவிடும்.

நானும் 2023-இல் லெஸ்டரில் இருந்தபடி இப்படி மாறியவன்தான். ஊர் திரும்பிய பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பக்கத்தில் (அதாவது வாட்ஸ்அப்பில்) இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் இடறியது பெரும்பாலும் பாரத்தில் இல்லை, வரிசையில்தான். அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று: முன்னால் போன அண்ணன் அக்கா சொல்லும் கணக்கை நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. நான் மாறியபோது புதிதாக வேலைக்கு வருபவருக்கு ஆண்டுக்கு 20,960 பவுண்டு சம்பளம் போதும். 2024 ஏப்ரலில் அது 30,960 ஆனது. 2025 ஜூலை 22 முதல் 33,400. கட்டணங்களும் அடிக்கடி ஏறுகின்றன. பாரத்தைத் தொடும் நாளில் பிரிட்டிஷ் அரசின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முடியும் தேதியைக் கண்ணால் பாருங்கள்

பிஆர்பி எனப்படும் குடியிருப்பு அனுமதி அட்டைகள் 2024 இறுதியோடு காலாவதியாகிவிட்டன. இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கும் இ-விசா. யூகேவிஐ (பிரிட்டிஷ் விசாத் துறை) கணக்கில் நுழைந்து, விசா முடியும் தேதியை எழுதி வையுங்கள். 'பட்டமளிப்பு நடந்து இரண்டு வருசம்' என்று மனக்கணக்குப் போட்ட ஒரு தம்பிக்கு ஐந்து மாதம் தப்பாகிவிட்டது. கணக்கு பட்டமளிப்பு விழாவிலிருந்து தொடங்குவதில்லை, விசா கிடைத்த நாளிலிருந்து.

இளங்கலை, முதுகலை முடித்தவர்களுக்கு இப்போது இரண்டாண்டு, முனைவர் பட்டத்துக்கு மூன்றாண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதம்தான். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஆறு மாத வெட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேதி தெரிந்ததும் அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பன்னிரண்டு மாதம் முன்னால், உரிமம் உள்ள முதலாளியிடம் இருக்க வேண்டும், அல்லது அப்படி ஒருவரைத் தேடத் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதம் முன்னால், எச்ஆரிடம் (நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம்) பேசியிருக்க வேண்டும். மூன்று மாதம் முன்னால், விண்ணப்பம்.

2. பாஸ்போர்ட், அப்புறம் அந்த 'ஏ/எல்'

நம் பிள்ளைகள் கையில் இருப்பது ஐந்தாண்டுப் பாஸ்போர்ட். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம்மோ ஃபவுண்டேஷனோ முடித்து எடுத்திருப்பார்கள். மூன்றாண்டுப் படிப்பு, இரண்டாண்டு கிராஜுவேட் விசா: கூட்டிப் பாருங்கள். விசா முடிகிற அதே சமயத்தில் பாஸ்போர்ட்டும் முடியும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பிரிட்டனில் புதுப்பிக்க லண்டனில் உள்ள மலேசியத் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். அபர்டீனில் இருப்பவருக்கு அது ஒரு நாள் லீவு, ஒரு ரயில் டிக்கெட். தீபாவளிக்கோ சீனப் பெருநாளுக்கோ ஊருக்கு வரும்போது ஈப்போ போய்ப் புதுப்பித்துவிடுவது எவ்வளவோ சுலபம். மீதிக் காலம் கொஞ்சம் வீணாகும், போகட்டும்.

புதுப் பாஸ்போர்ட் கிடைத்த அன்றே யூகேவிஐ கணக்கில் அதன் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இ-விசா பழைய எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். சேர்க்காமல் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு (கேஎல்ஐஏ) போனால், விமான நிறுவனத்தின் கணினியில் விசா தெரியாமல் கவுண்டரில் நின்று வியர்க்க வேண்டிவரும்.

இனி பெயர். நம் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே வரிதான்: இன்னார் ஏ/எல் இன்னார், இன்னார் ஏ/பி இன்னார் (ஏ/எல் மகன், ஏ/பி மகள்). பிரிட்டிஷ் பாரங்களோ முன்பெயர் தனி, குடும்பப் பெயர் தனி என்று கேட்கும். ஓர் இடத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார்கள், இன்னோர் இடத்தில் முழுப் பெயரையும் ஒரே பெட்டியில் அடைப்பார்கள். பல்கலைக்கழகச் சான்றிதழில் 'ஏ/பி' இருக்காது. சாய்கோட்டைச் சில கணினிகள் ஏற்காது. இப்படி ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் ஆகிவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. இ-விசாவில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அதைப் படமெடுத்து, எச்ஆருக்கு முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுங்கள். 'ஏ/எல் என்பது பெயர் இல்லை, இன்னாருடைய மகன் என்று பொருள்' என்று ஒரு வரியும் சேருங்கள். அங்குள்ள எச்ஆர் பலர் அதை நடுப்பெயர் என்றே நினைக்கிறார்கள்.

3. வேலை தகுதிக்குள் வருகிறதா, சம்பளம் எட்டுகிறதா

கிராஜுவேட் விசாவில் கிட்டத்தட்ட எந்த வேலையும் செய்யலாம். கிடங்கில் பெட்டி அடுக்கலாம், உணவகத்தில் மேசை துடைக்கலாம். பிள்ளைகள் இதில்தான் மயங்கிவிடுகிறார்கள். மாறும்போது அந்த வேலைகள் எதுவும் உதவாது. 2025 ஜூலை 22-க்குப் பிறகு முதன்முறையாக வருபவருக்கு, சில விதிவிலக்குகள் தவிர, வேலை பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும்.

தரத்தை முடிவு செய்வது பதவியின் பெயர் இல்லை, தொழில் குறியீடு. ஒவ்வொரு வேலைக்கும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. பிரிட்டிஷ் அரசின் பட்டியலில் அந்தக் குறியீடு தகுதியானதா, அதற்கு நடப்புச் சம்பளம் (அந்தத் தொழிலுக்கென்று அரசு குறித்திருக்கும் சம்பளம்) எவ்வளவு என்று இருக்கும். 'மேனேஜர்' என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும், செய்வது கடைக் கவுண்டர் வேலையென்றால் குறியீடு அதற்குத்தான் போகும்.

சம்பளத்தில் பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, அல்லது அந்தத் தொழிலின் நடப்புச் சம்பளம், இரண்டில் எது கூடவோ அது. ஆனால் கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுபவர் 'புதிதாக நுழைபவர்' கணக்கில் வரலாம். அவருக்கு 33,400 அல்லது நடப்புச் சம்பளத்தில் 70 விழுக்காடு, இதிலும் எது கூடவோ அது.

இந்த 'எது கூடவோ' என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு தொழிலின் நடப்புச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். 70 விழுக்காடு 35,000. அவருக்கு 33,400 போதாது. எண்ணை நண்பனிடம் கேட்காதீர்கள். அவன் குறியீடு வேறு.

சம்பளம் என்றால் உத்தரவாதமான அடிப்படைச் சம்பளம் மட்டும். தோட்டத்தில் ஓட்டி (கூடுதல் நேர வேலை), போனஸ் எல்லாம் சேர்த்துச் 'சம்பளம் இவ்வளவு' என்று சொல்லியே நமக்குப் பழக்கம். அங்கே ஓவர்டைமும் போனஸும் கணக்கில் வராது.

மருத்துவர், தாதியர் போன்ற மருத்துவத் துறைக்காரர்களுக்கு ஹெல்த் அண்ட் கேர் விசா என்று தனி வகை. சம்பளக் கணக்கும் வேறு, கட்டணமும் குறைவு, கீழே சொல்லும் சுகாதாரக் கட்டணமும் கிடையாது. தகுதியிருந்தால் அதில்தான் போக வேண்டும்.

4. நான்காண்டுப் பொறி

புதிதாக நுழைபவர் என்ற சலுகை மொத்தம் நான்கு ஆண்டுக்குத்தான், கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அதற்குள் அடக்கம். இரண்டாண்டை முழுதாகத் தின்றுவிட்டு மாறினால், சலுகைச் சம்பளத்தில் மீதி இரண்டாண்டுதான் கிடைக்கும்.

நல்ல மனமுள்ள எச்ஆர் ஒருவர், எனக்குத் தெரிந்த பெண்ணுக்கு 'மூன்று வருசம் போட்டுவிட்டேன்' என்று சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அவள் ஏற்கெனவே இருபத்திரண்டு மாதம் கிராஜுவேட் விசாவில் இருந்தவள். கூட்டினால் நான்கைத் தாண்டுகிறது, சம்பளமோ சலுகை வரம்பில். அப்படியே அனுப்பியிருந்தால் நிராகரிப்புதான். அனுப்பும் முன் தேதியைத் திருத்திக்கொண்டார்கள். விசா பொதுவாக, முதலாளி தரும் ஸ்பான்சர் சான்றில் (சிஓஎஸ்) உள்ள வேலை முடிவு தேதிக்குப் பிறகு 14 நாள் சேர்த்துத் தரப்படும். அதனால் நான்காண்டின் விளிம்புவரை இழுக்காமல் சில வாரம் குறைத்தே கேளுங்கள்.

நான்காண்டு முடிந்ததும் முழு வரம்புச் சம்பளம் வேண்டும். ஆகவே வேலையில் சேரும்போதே, 'இரண்டு வருசத்தில் இந்தப் பதவியின் சம்பளம் எங்கே போய் நிற்கும்?' என்று கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும்தான். கேளுங்கள்.

5. முதலாளியிடம் பேசுவது

முதலில் அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உரிமம் பெற்ற முதலாளிகளின் பட்டியலை பிரிட்டிஷ் உள்துறை அமைச்சு இணையத்தில் எல்லோருக்கும் வெளியிடுகிறது. கடைப் பலகையில் உள்ள பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். சம்பளச் சீட்டில் உள்ள பதிவுப் பெயரில் தேடுங்கள். பெயருக்கு எதிரே ஸ்கில்டு வொர்க்கர் என்று இருக்க வேண்டும், ஏனென்றால் வேறு வகை உரிமம் மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு.

பிறகு பேச்சு. இங்கே நம் பிள்ளைகளின் பணிவு அவர்களுக்கே எதிரியாகிறது. 'வேலையைப் பார்த்து அவர்களே கேட்பார்கள்' என்று காத்திருப்பார்கள். கேட்க மாட்டார்கள். பல மேலாளர்களுக்கு உங்கள் விசா முடிகிறது என்பதே தெரியாது. ஆறு மாதம் முன்னால், உங்கள் விசா முடியும் தேதி, தொழில் குறியீடு, தேவையான சம்பளம், நான்காண்டுக் கணக்கு நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வேலை பாதி முடிந்துவிட்டது என்று பார்த்தால் அவர்களும் இசைவார்கள்.

அவர்களுக்குச் செலவு உண்டு என்பதையும் தெரிந்து வையுங்கள். சிஓஎஸ் சான்று ஒன்றுக்கு 525 பவுண்டு, அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் திறன் கட்டணம் (வெளிநாட்டவரை எடுப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டுவது). மாணவர் விசாவிலிருந்து நேராக மாறுபவருக்குத் திறன் கட்டணம் இல்லை. கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுபவருக்கு உண்டு. படிப்பு முடியும் தறுவாயிலேயே நல்ல வேலை கையில் இருந்தால், கிராஜுவேட் விசாவே எடுக்காமல் நேராக மாறுவதுதான் என் கணக்கில் நல்லது: முதலாளிக்கும் செலவு குறைவு, நான்காண்டும் முழுசாகக் கையில் இருக்கும்.

இந்தச் செலவுகளை ஊழியரிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தராது. அதனால் 'சிஓஎஸ் வாங்கித் தருகிறோம், ஐம்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்)' என்று யாராவது சொன்னால், அது ஏஜெண்டோ உறவுக்காரரோ, எழுந்து வந்துவிடுங்கள். நிலத்தை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, வேலையும் இல்லாமல் விசாவும் இல்லாமல் நிற்கும் குடும்பத்தைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

6. சிஓஎஸ் வந்ததும் படித்துப் பாருங்கள்

சிஓஎஸ்ஸின் 'சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்' என்ற பெரிய பெயரைக் கேட்டு முத்திரை போட்ட தாளை எதிர்பார்க்காதீர்கள். வருவது ஒரு எண். எண் மட்டும் போதும் என்று எச்ஆர் சொல்வார். போதாது. அதன் விவரப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், குறியீடு, சம்பளம், வார மணிநேரம், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். விண்ணப்பம் போகும் முன் கண்டுபிடித்த சின்னத் தவறை முதலாளி குறிப்புச் சேர்த்துத் திருத்தலாம். பிறகு கண்டுபிடித்தால் அவ்வளவு எளிதில்லை.

எண் கிடைத்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். வேலை தொடங்கும் தேதிக்கு மூன்று மாதத்துக்கு மேல் முன்னதாக விண்ணப்பிக்கவும் முடியாது. சீக்கிரமே வாங்கிவைத்துவிட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள்.

7. பணம்

2025 ஏப்ரல் கட்டணப்படி, பிரிட்டனுக்குள் இருந்தே மூன்றாண்டு வரைக்கும் விண்ணப்பிக்க 885 பவுண்டு. அரசு மருத்துவச் சேவைக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035. இரண்டாண்டுக்குக் கூட்டினால் 2,955. ஒரு பவுண்டுக்கு ஐந்தரை வெள்ளி என்று போட்டாலும் பதினாறாயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. விண்ணப்பிக்கும்போதே முழுதும் கட்ட வேண்டும், தவணை கிடையாது. அதனால் கிராஜுவேட் விசாவின் முதல் மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கச் சொல்கிறேன்.

அப்பாவின் அட்டையில் இங்கிருந்து கட்டுவதாக இருந்தால், முதல்நாளே வங்கிச் செயலியில் அன்றாட வரம்பையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் திறந்து வையுங்கள். அங்கே இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே விடிகாலை நான்கு. ஒப்புதல் கேட்டுக் கைப்பேசி சிணுங்கும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். இப்படி மூன்று முறை தோற்று, வங்கி அட்டையையே முடக்கிய கதை உண்டு.

பிரிட்டனில் செல்லுபடியாகும் விசாவில் பன்னிரண்டு மாதம் இருந்தவர்கள் ஆரம்பச் செலவுக்கென்று வங்கிக் கணக்கில் 1,270 பவுண்டு காட்டத் தேவையில்லை. அதற்காகக் கடன் வாங்கிக் கணக்கை நிரப்ப வேண்டாம்.

8. விண்ணப்பம்

இது எல்லாவற்றிலும் சுலபமான படி. இணையத்தில் ஸ்கில்டு வொர்க்கர் விண்ணப்பத்தில், பிரிட்டனுக்குள் இருந்து 'மாறுகிறேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடையாளத்தைச் செயலியில் காட்டுவதா, நேரில் போய்க் கைரேகை தருவதா என்பதை அதுவே சொல்லும்.

ஆங்கிலத் தேர்ச்சி 2026 ஜனவரி 8 முதல் பி2 (உயர் இடைநிலை) நிலையில் கேட்கப்படுகிறது. பிரிட்டிஷ் பட்டம் உள்ளவர்கள் அதையே காட்டலாம்; ஐஇஎல்டிஎஸ் எழுதக் காசு செலவழிக்க வேண்டாம். காசநோய்ச் சோதனையும் உள்ளேயிருந்து மாறுபவருக்கு இல்லை. கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் படித்தவர்கள் மட்டும், கொடுத்தவரின் எழுத்துமூல ஒப்புதலைச் சேர்க்க வேண்டும்.

கடைசி நாள் என்பது பிரிட்டன் நேரப்படி. ஆனால் கடைசி நாள்வரை போகவே போகாதீர்கள்.

9. காத்திருக்கும்போது ஊருக்கு வராதீர்கள்

விசா முடியும் முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமைகள் தொடரும். விசாத் தேதி கடந்தாலும் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. எச்ஆர் பயந்தால், உள்துறை அமைச்சின் முதலாளிகளுக்கான சரிபார்ப்புச் சேவையில் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் முடிவு வரும் முன் பிரிட்டனை விட்டு வெளியேறினால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அயர்லாந்து போன்ற பொதுப் பயணப் பகுதிக்குள் போகலாம். மலேசியா வர முடியாது. வழக்கமான முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகும். பாட்டிக்கு உடம்பு முடியாமல் இருக்கிறது, அக்காவுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வந்து பார்த்துவிட்டுப் போய் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் கூடுதலாக 500 பவுண்டு கட்டி ஐந்து வேலைநாளிலோ, 1,000 கட்டி அடுத்த வேலைநாளிலோ முடிவு கேட்கலாம். வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். 'ஒரு வாரம்தானே, வந்துட்டுப் போயிடு' என்று அம்மா அழைத்தால் மறுப்பது கஷ்டம்.

முடிவு வந்ததும் இ-விசாவில் பெயரும் தேதியும் சரியா என்று அன்றைக்கே பாருங்கள்.

10. வேலை அமையாவிட்டால்

தேதிக்கு முன் கிளம்பி வந்துவிடுங்கள். ஒரு நாள்கூடத் தங்காதீர்கள், ஏனென்றால் பின்னால் எந்த நாட்டு விசாவுக்கும் அந்தக் கேள்வி வரும்.

மலேசியர்கள் ஈடிஏ (இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி) எடுத்துக்கொண்டு ஆறு மாதம் வரை பார்வையாளராகப் போகலாம். 'அப்படிப் போய் வேலை கிடைத்ததும் அங்கேயே மாறிக்கொள்கிறேன்' என்று நிறையப் பேர் திட்டம் போடுகிறார்கள். பார்வையாளராக இருந்துகொண்டு வேலை விசாவுக்கு மாற முடியாது. திரும்பி வந்து இங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கிருந்து விண்ணப்பிப்பது தோல்வி இல்லை. கிராஜுவேட் விசா முடிந்து இரண்டாண்டுக்குள் என்றால் புதிதாக நுழைபவர் சலுகையும் கிடைக்கும். காசநோய்ச் சான்றிதழ் கூடுதலாக வேண்டும். முதலாளி உங்கள் முதல் மாதச் செலவுக்குப் பொறுப்பேற்காவிட்டால் 1,270 பவுண்டை 28 நாள் தொடர்ந்து வங்கியில் காட்ட வேண்டும். அந்த 28 நாளில் ஒரு நாள் தொகை குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கணக்கிலிருந்து மோட்டார்சைக்கிள் தவணை தானாகக் கழிகிறதா என்று முன்னால் பார்த்துவிடுங்கள்.